ஓடும் வண்டியும் மறைந்த அட்டவணையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகைவண்டிப் பாதை, கேகாலை மாவட்டத்து ரம்புக்கனை நிலையம்வரை இரட்டைப் பாதையாகவே வருகிறது. அதற்கப்பால் ஒற்றைப் பாதை. கடிகமுவை, இகல கோட்டை, பலனை என்று மலையைச் சுற்றிச் சுற்றிக் கடுகண்ணாவைக்கு ஏறவேண்டும். 1867ஆம் ஆண்டிற் கண்டிவரை பாதை திறக்கப்பட்ட நாள்தொட்டு இவ்வேற்றமே அப்பாதையின் பெருஞ் சோதனையாக இருந்து வருகிறது. ஏறத்தாழ 44 அடிக்கு ஓரடி வீதம் உயரும் அச்சரிவில், நீராவிக் காலத்துப் பாரவண்டிகளுக்கு ரம்புக்கனையிற் துணை எஞ்சின் ஒன்று பூட்டப்படுவதுண்டு. சமதரையிற் குறையின்றி ஓடி வந்த வண்டி அதுவே, பெட்டிகளும் அவையே, நிலம் மட்டுமே வேறு. ஆயினும் அந்த ஒரு வேறுபாடு போதும், வண்டி நின்றுவிட.

கணினித் துறையிலும் இத்தகைய மலையடி ஒன்று உண்டு. செய்நிரலர் ஒருவர் தம் மேசைக் கணினியில் ஒரு வலைச் சேவையை அமைக்கிறார். அங்கு யாவும் செவ்வனே நடக்கின்றன. பின்னர் அதனை மக்கள் பயன்பாட்டிற்குரிய சேவையகத்தில், அதாவது தொழிற்கூடத்தார் ‘புரொடக்சன் சேர்வர்’ என்று வழங்கும் பெரிய கணினியில், கொண்டுபோய் வைக்கிறார். சேவை இயங்குகிறது. ஆனால் அச்சேவையைப் பற்றிய விளக்கம் மட்டும் திரையிற் தோன்ற மறுக்கிறது. இஃது ஏன் நிகழ்கிறது, இதனை எவ்வாறு கண்டு திருத்துவது என்பதே இங்கு பேசப்படுவது.

வலைச் சேவை என்பது மனிதர் கண்ணாற் பார்ப்பதற்கென அமைந்த இணையப் பக்கம் அன்று. ஒரு செய்நிரல் மற்றொரு செய்நிரலிடம் கேள்வி கேட்டு விடைபெறுவதற்கு அமைந்த வாயில் அது. அவ்வாயிலில் என்னென்ன கேட்கலாம், எவ்வடிவிற் கேட்க வேண்டும், விடை எவ்வடிவில் வரும், வாயிலின் முகவரி யாது என்பனவற்றை எழுதிவைத்த ஆவணமே மீதரவு எனப்படும். புகைவண்டி நிலையச் சுவரிலே தொங்கும் நேர அட்டவணையை இதற்கு ஒப்பிடலாம். வண்டி ஓடுவதற்கு அட்டவணைப் பலகை தேவையில்லை. சாரதி அதனைப் பார்த்து வண்டியை ஓட்டுவதில்லை. நாள்தோறும் பயணஞ் செய்பவரும் அதனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவருக்கோ, அப்பலகை இன்றேல் பயணமே இல்லை. மீதரவு தோன்றாத சேவையகத்தின் நிலையும் இதுவே. பழைய பயனர் ஒருவரும் முறையிட மாட்டார். புதிதாக இணைய வருபவர் மட்டுமே வாயிலில் நின்று தவிப்பார். இக்குறை பல நாள் வெளித்தெரியாமற் கிடப்பதற்குக் காரணமும் அதுவே.

இவ்விளக்க ஆவணத்திற்கென வகுக்கப்பட்ட மொழி டபிள்யூ.எஸ்.டி.எல். எனப்படும். அதன் 1.1ஆம் பதிப்பு 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வேர்ள்ட் வைட் வெப் கொன்சோர்ட்டியத்தின் குறிப்பாக வெளிவந்தது. அதனை எழுதியோர் நால்வர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் கிறிஸ்ரென்சென், கிரெக் மெரடித் ஆகிய இருவரும், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கேர்பெரா, சஞ்சீவ வீரவர்ண ஆகிய இருவருமே அவர்கள். நாலாமவர் இலங்கையர் என்பது இந்நாட்டார் பலரும் அறியாத செய்தி. 2007ஆம் ஆண்டிற் பரிந்துரையாக வெளிவந்த 2.0ஆம் பதிப்பின் தொகுப்பாளருள்ளும் அவர் பெயர் காணப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனும், 2005ஆம் ஆண்டில் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனமும் அவர் முயற்சியாற் தோன்றின. அப்பாச்சி அக்சிஸ் 2 என்னும் வலைச் சேவைப் பொறியின் ஆக்கத்திலும் இலங்கைச் செய்நிரலர் பெரும் பங்கு கொண்டனர். உலகெங்கும் செய்நிரலர் தேடித் தவிக்கும் அந்தப் ‘பலகை’யின் எழுத்துமுறையிலே கொழும்பின் கைவண்ணமும் கலந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பலகை தோன்றாமையால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். கேகாலைப் பகுதி ரப்பர்த் தோட்டங்களுக்குப் பேர்போனது. அத்தகைய தோட்டமொன்றிலே, பால் வெட்டுவோர் சேர்த்த பாலை நிறுத்து ஆளுக்காள் பதியும் கணக்கை எண்ணிக்கொள்க. அக்கணக்கை வாங்கிச் சம்பளப் பட்டியலுக்குத் தரும் வலைச் சேவை ஒன்று தலைமை அலுவலகத்தில் அமைந்திருப்பதாகவும், தோட்டத்தில் நிறுக்குமிடத்துக் கருவிக்கான செய்நிரலை வேறொருவர் எழுதுவதாகவும் கொள்க. அந்த வேறொருவருக்கு மீதரவு கிட்டாவிடின் அவர் ஒரு வரியும் திருத்தமாக எழுத இயலாது. ஊகித்து எழுதினால், கிலோகிராம் புகவேண்டிய இடத்திற் பெயரும், நாள் புகவேண்டிய இடத்தில் எண்ணும் புகும். மாதமுடிவு ஒருவருக்காகவும் காத்து நில்லாது. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போவதன் பொருள் அலுவலகத்தாரைவிட லயத்து அடுப்புக்கு நன்கு தெரியும்.

இனி வழுவைத் தேடும் முறைக்கு வருதல் வேண்டும். இவ்வகைக் குறை மிகுதியாகக் காணப்படுவது, மைக்ரோசொப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் டொட் நெற் 3.0 பதிப்புடன் வெளியிட்ட டபிள்யூ.சி.எவ். என்னும் அமைப்பிலே. ஆதலின் அதனையே முதன்மையாகக் கொண்டு நோக்குதல் தகும்.

முதற்கண், மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, திரையில் என்ன தோன்றுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பலர் இதனைச் செய்வதில்லை. ‘வரவில்லை’ என்று ஒரு சொல்லிற் கூறிவிட்டுக் கோப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகின்றனர். வராமை பலவகைப்படும். சேவையின் முகவரியை உலாவியிற் கொடுத்ததும் ஒரு பக்கம் தோன்றி, ‘இச்சேவைக்கு மீதரவு வெளியீடு தற்போது நிறுத்தப்பட்டுள்ளது’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அறிவித்தால், அது துயரச் செய்தி அன்று. சேவை உயிரோடிருக்கிறது, பலகை மட்டுமே மாட்டப்படவில்லை. அதற்கு மாறாக 404 என்னும் எண்ணும் அதனை அடுத்து 3 என்னும் எண்ணும் தோன்றினால், சேவையகம் அக்கோப்பின் வகையையே அறியவில்லை என்பது பொருள். இவ்விரண்டும் வேறுவேறு நோய், மருந்தும் வேறு.

பின்னதை முதலிற் கூறி முடித்துவிடலாம். சேவைக் கோப்பின் பெயர் எஸ்.வி.சி. என்னும் ஈறு கொண்டது. விண்டோஸ் சேவையகத்திலுள்ள ஐ.ஐ.எஸ்., அவ்வீறு கொண்ட கோப்பு வந்தால் அதனை எவரிடம் ஒப்படைப்பது என்று அறிந்திருத்தல் வேண்டும். செய்நிரலரின் கணினியில் விசுவல் ஸ்ரூடியோ இவ்வேற்பாட்டைத் தானே செய்து கொடுத்துவிடுவதால் அவர் அதனை நினைப்பதே இல்லை. புதிய சேவையகத்தில் அது தானாக வாராது. பழைய பதிப்புகளிற் ‘சேர்விஸ் மொடல் ரெக்’ என்னும் சிறு கருவியை ஏவியும், 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாகச் சேவையகத்தின் கூறுகளுள் ‘எச்.ரி.ரி.பி. அக்ரிவேசன்’ என்பதை நிறுவியும் இக்குறையை நீக்கலாம். அவ்வளவே.

முன்னதே நுட்பம் நிறைந்தது. டபிள்யூ.சி.எவ். அமைப்பிலே மீதரவை வெளியிடுதல் இயல்பான நிலை அன்று, வெளியிடாமையே இயல்பு. வேண்டுவோர் ‘வெப் கொன்பிக்’ எனப்படும் அமைவுக் கோப்பில், சேவையின் நடத்தைப் பகுதியில், ‘சேர்விஸ் மெற்றாடேற்றா’ என்னும் உறுப்பைச் சேர்த்து, எச்.ரி.ரி.பி. வழியாகக் கேட்போருக்குக் காட்டுக என்று உடன்பாடாக எழுத வேண்டும். விசுவல் ஸ்ரூடியோ புதிய சேவையைத் தொடங்கும்போது இவ்வரியைத் தானே எழுதித் தருகிறது. அதனுடனே, பயன்பாட்டுக்கு வைக்குமுன் இதனை நிறுத்திவிடுக என்னும் குறிப்புரையையும் சேர்த்தே தருகிறது. குறிப்பைப் படித்த ஒருவர் அதன்படி நிறுத்திவிட்டுப் போகிறார். பின்வந்த மற்றொருவர் பலகை காணோமே என்று இரவெல்லாம் தேடுகிறார். இருவரும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருப்பதும் உண்டு!

வரி எழுதப்பட்டிருந்தும் பலகை தோன்றாத நிலையே மிகுந்த மயக்கத்தைத் தருவது. நடத்தைப் பகுதிக்கு ஒரு பெயர் இடப்படுகிறது. சேவைப் பகுதி அப்பெயரைச் சுட்டி அழைக்கிறது. சேவைக்கோ, செய்நிரலில் அதற்குரிய வகுப்பின் முழுப் பெயர், பெயர்வெளி உட்பட, எழுத்துப் பிசகாமல் இடப்படல் வேண்டும். 3.5ஆம் பதிப்புவரை இப்பெயர் பிழைத்தால், வாயில் ஒன்றும் இல்லை என்று அமைப்பு உரக்கக் கூவும்; குறை உடனே தெரியும். 2010ஆம் ஆண்டில் வந்த 4.0ஆம் பதிப்பு, அமைவைச் சுருக்கும் நன்னோக்கத்துடன் ஒரு சலுகையைக் கொணர்ந்தது. பெயர் பொருந்தாவிடினும், அமைப்பு இயல்பான வாயில் ஒன்றைத் தானே திறந்து சேவையை ஓடவிடும். அதன் விளைவு யாதெனில், செய்நிரலர் எழுதி வைத்த நடத்தை யாவும் ஒதுக்கப்பட்டு, இயல்பு நடத்தையே ஆட்சி செய்யும். இயல்பு நடத்தையில் மீதரவு வெளியீடு இல்லை என்பது மேலே கூறப்பட்டது. ஆகவே சேவை ஓடுகிறது, பிழைச் செய்தி இல்லை, பலகையும் இல்லை. உரக்கக் கூவும் பிழையைவிட வாய்மூடி இருக்கும் பிழையே கொடியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது. வகுப்பின் பெயர்வெளியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எவரேனும் அண்மையில் மாற்றியிருந்தால், முதலிற் கைவைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. நடத்தைப் பகுதியின் பெயரை வெறுமையாக விட்டால் அந்நடத்தை எல்லாச் சேவைகளுக்கும் பொருந்தும் என்னும் வசதியும் அதே 4.0ஆம் பதிப்பில் வந்ததுதான். நோயைத் தந்த கையே மருந்தையும் தந்தது.

திருத்தப்படும் கோப்புத்தான் சேவையகம் படிக்கும் கோப்பா என்பதையும் ஒருமுறை பார்த்தல் நன்று. மேசைக் கணினியிலுள்ள அமைவுக் கோப்பு, வெளியீட்டின்போது உருமாற்றம் பெற்றே சேவையகத்தை அடைவதுண்டு. மூலத்தைத் திருத்தியவர், உருமாற்றக் கோப்பு அத்திருத்தத்தை அழித்துவிட்டதை அறியார்.

அடுத்தது பாதுகாப்பான வழி பற்றியது. மேசைக் கணினியில் எச்.ரி.ரி.பி. என்னும் திறந்த வழி போதும். பயன்பாட்டுச் சேவையகத்திலோ பூட்டிய வழியாகிய எச்.ரி.ரி.பி.எஸ். மட்டுமே திறந்திருக்கும். மீதரவுக்கு இவ்விரு வழிக்கும் தனித்தனிச் சுவிச்சுகள் உள்ளன. ஒன்றைப் போட்டால் மற்றது எரியாது. திறந்த வழிச் சுவிச்சை மட்டும் போட்டுவிட்டு, திறந்த வழியே இல்லாத தளத்தில் அச்சேவையை வைத்தால், பலகை மறைவதோடு நில்லாமற் சேவையே எழ மறுத்துப் பிழை காட்டும். இதனைக் கண்டு அஞ்சிச் சேவையைப் பிரித்துப் பார்ப்போர் உளர். உண்மையில் மாற்ற வேண்டியது ஒரு சொல்லே. ஒரே தளத்திற்கு இரண்டு பெயர்கள் இருந்தால் பழைய பதிப்புகளில் வேறொரு பிழை எழும்; முகவரி முன்னொட்டு வடியைக் கொண்டோ, 4.0ஆம் பதிப்பிற் பல பிணைப்புகளை அனுமதித்தோ அதனைத் தீர்க்கலாம்.

இவையெல்லாம் நேரான பின்னரும் எஞ்சி நிற்கும் குறை ஒன்றுண்டு. ரம்புக்கனை நிலையத்தின் அட்டவணையில், ‘பயணச் சீட்டு, பெரியவர் அறையிற் பெறுக’ என்று எழுதியிருப்பதாக எண்ணுக. நிலையத்தில் வேலை செய்வோருக்குப் பெரியவர் அறை எது என்று தெரியும்; கண்டியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. சேவையகத்தின் மீதரவும் சில வேளை இவ்வாறே பேசுகிறது. டபிள்யூ.எஸ்.டி.எல். ஆவணம் பெரும்பாலும் ஒரே தாளில் முடிவதில்லை. முதற் தாள் மற்றத் தாள்களின் முகவரியைச் சுட்டும்; தரவு வகைகளை விளக்கும் தாள்கள் வேறு முகவரியில் இருக்கும். அம்முகவரிகளிற் சேவையகம் தன் பொதுப்பெயரை எழுதாமல், அலுவலகத்துக்குள் வழங்கும் தன் இயந்திரப் பெயரை எழுதிவிடுகிறது. உள்ளே இருந்து திறப்பவருக்கு எல்லாத் தாள்களும் கிடைக்கின்றன. வெளியே இருந்து திறப்பவருக்கு முதற் தாள் வருகிறது. இரண்டாந் தாளுக்கான முகவரி அவர் உலகில் இல்லை. ‘எனக்குத் தெரிகிறதே!’ என்று ஒருவரும், ‘எனக்குத் தெரியவில்லையே!’ என்று மற்றவரும் தொலைபேசியில் வாதாடுவர். இருவர் கூற்றும் உண்மை.

இதற்குத் தளத்தின் பிணைப்பிற் பொதுப்பெயரை முறையாகப் பதிவது ஒரு வழி. கேட்பவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாரோ அந்தப் பெயரையே விடையில் எழுதுக என்று பணிக்கும் உறுப்பை அமைவுக் கோப்பில் இடுவது மற்றொரு வழி, 4.0ஆம் பதிப்பில் அது கிட்டும். 2012ஆம் ஆண்டில் வந்த 4.5ஆம் பதிப்போ, எல்லாத் தாள்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஆவணமாகத் தரும் வசதியையும் அளித்தது. சேவையகத்திற்கு முன்னே சுமைபகிர்வான் நின்று பூட்டைத் திறந்து உள்ளே அனுப்பும் அமைப்பானால், பெயர் சரியாயினும் வழி பிழைத்து, பூட்டிய வழிக்குப் பதிலாகத் திறந்த வழியின் முகவரி ஆவணத்தில் ஏறிவிடும். ஆகையால் முகவரியின் தலைப்பெழுத்துக்கள் முதல் துறை எண்வரை கண்ணாற் படித்தே பார்க்க வேண்டும்.

இக்காரணம்பற்றியே, சோதனையை எப்போதும் இரண்டிடத்திற் செய்தல் வேண்டும். முதலிற் சேவையகத்தின் உள்ளேயே அமர்ந்து திறந்து பார்த்தல். பின்னர் அலுவலக வலைப்பின்னலுக்கு முற்றும் புறம்பான ஒரு கணினியிலிருந்து பார்த்தல். உள்ளும் இல்லை, வெளியும் இல்லையெனின் அமைவில் வழு. உள்ளே உண்டு, வெளியே இல்லையெனின் பெயரிலோ, தீச்சுவரிலோ, சுமைபகிர்வானிலோ வழு. இந்த ஒரு பிரிப்பு, தேடுவோரின் உழைப்பிற் பாதியைக் குறைத்துவிடும். உலாவியில் ஒன்றும் தோன்றாவிடினும் மீதரவு முற்றாக இல்லை என்று முடிவு கட்டலும் ஆகாது. ‘மெக்ஸ்’ எனப்படும் தனி வாயில் வழியாகவும் அது வழங்கப்படலாம். ‘எஸ்.வி.சி. யுரில்’ என்னும் கருவி இரு வாயில்களையும் தட்டிப் பார்க்கும். சேவையகத்தின் நிகழ்வுப் பதிவேட்டையும் திறந்து பார்க்க மறத்தலாகாது. திரை மறைக்கும் பிழையைப் பதிவேடு மறைப்பதில்லை.

டபிள்யூ.சி.எவ்.-க்கு முந்திய ஏ.எஸ்.எம்.எக்ஸ். சேவைகளிலும் இதனையொத்த மயக்கம் உண்டு. அவற்றின் சோதனைப் படிவம், சேவையகத்தின் உள்ளே அமர்ந்து பார்ப்போருக்கு மட்டுமே இயல்பாகத் தோன்றும். அமைவுக் கோப்பில் ‘டொக்கியுமென்றேசன்’ என்னும் நெறிமுறையை எவரேனும் நீக்கியிருந்தால் விளக்கப் பக்கமும் போய்விடும். அக்சிஸ் 2-இலோ, கையால் எழுதிய ஆவணத்தையே காட்டுக என்று சேவைக் கோப்பிற் தனியே சொல்ல வேண்டும். சொல்லாவிடின் பொறி தானே ஆக்கிய வேறோர் ஆவணம் தோன்றும். 2022ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட ‘கோர் டபிள்யூ.சி.எவ்.’ என்னும் புதிய வடிவில், மீதரவுக்குரிய பகுதியைச் செய்நிரலிலேயே தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய அமைவுக் கோப்பின் நினைவிலே வந்தவர் இங்கு வழுக்கி விழுவதுண்டு.

இத்தனைக்கும் பின் ஒரு வினா எழுகிறது. பலகையைப் பயன்பாட்டுச் சேவையகத்தில் மாட்டத்தான் வேண்டுமா? ஒருகாலத்தில், உலகிலுள்ள சேவைகளின் விளக்கங்களையெல்லாம் பொதுப் பதிவேடு ஒன்றிற் திரட்டி, எவரும் எதனையும் தேடி இணையலாம் என்னும் பெருங்கனவு இருந்தது. யு.டி.டி.ஐ. என்னும் அப்பதிவேடு 2000ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டது, ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், எஸ்.ஏ.பி. ஆகியன நடத்திய அதன் பொது நிலையங்கள் 2006ஆம் ஆண்டில் மூடப்பட்டன. முன்பின் அறியாதவரோடு சேவை பரிமாற எவரும் விரும்பவில்லை என்பதே நடைமுறை காட்டிய உண்மை. சம்பளக் கணக்கு வாங்கும் சேவையின் அட்டவணையை ஊரார் யாவரும் படிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் அட்டவணையை மறைத்துவிட்டால் வண்டி பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ணுவது அதனினும் பெரிய தவறு. வாயிலிற் காவலில்லாத சேவை, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்த வீடே.

ஆதலின் நடுவழி ஒன்றைப் பலர் கைக்கொள்கின்றனர். இணைய வருபவர் தெரிந்தவர் என்றால், மீதரவைக் கோப்பாக எடுத்து அவரிடம் நேரே கொடுத்துவிடலாம். ‘எஸ்.வி.சி. யுரில்’ கருவி, தொகுத்து முடித்த செய்நிரற் கோப்பிலிருந்தே அதனை எடுத்துத் தரும். அதற்குச் சேவையகம் ஓடவேண்டியதும் இல்லை. அல்லது வேலை நடக்கும் சில மணி நேரத்திற்குப் பலகையை மாட்டி, எதிர்ப்பக்கத்துச் செய்நிரலர் இணைந்தபின் இறக்கிவிடலாம். வழு தேடுங்கால் பிழை விவரங்களைக் கேட்போருக்கு அனுப்புக என்று மாற்றிய அமைவையும் அதே கையோடு முன்னிருந்தபடி ஆக்குதல் வேண்டும்; அதனை மறந்துவிட்டால், சேவையின் உள்வீட்டு இரகசியங்கள் அந்நியருக்குப் பிழைச் செய்தியாகவே போய்க்கொண்டிருக்கும்.

கோப்பாகக் கொடுப்பதில் இடர் ஒன்றுண்டு. சேவை மாறியபின் கொடுத்த கோப்பு தானே மாறாது. தோட்டத்து நிறுக்குமிடத்தில் இருப்பது சென்ற ஆண்டின் அட்டவணையாகவும், அலுவலகத்தில் ஓடுவது இவ்வாண்டின் வண்டியாகவும் ஆகிவிடும். கொடுக்கும் கோப்பின் தலைப்பிற் பதிப்பெண்ணும் தேதியும் எழுதி, எவருக்கு எப்பதிப்புக் கொடுக்கப்பட்டது என்பதை ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வைப்பது செய்நிரலர் வழக்கம். சேவையை மாற்றுமுன் அக்குறிப்பேட்டைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் புதிய கோப்பு அனுப்பப்படும்.